பேருந்துப் படிக்கட்டின் கதை: வடசென்னையில் ஏற முடிந்தவர்களும் முடியாதவர்களும்

சென்னைத் துறைமுகத்தை ஒட்டித் தொடங்கி, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், கத்திவாக்கம் என்று எண்ணூர் கழிமுகம் வரை நீளும் பகுதிக்குப் போக்குவரத்து வரலாற்றில் தனி இடம் உண்டு. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று கிளம்பியது ராயபுரத்தில் இருந்துதான். போன இடம் ஆற்காட்டுக்குப் பக்கத்தில் உள்ள வாலாஜா ரோடு. பம்பாயின் பழைய ஸ்டேஷனும் ஹவுராவின் பழைய ஸ்டேஷனும் இடிந்து மாறிவிட்டதால், இந்தியாவில் இன்றும் நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் ராயபுரம்தான் என்று சொல்கிறார்கள். சுதந்திரம் கிடைத்த அடுத்த ஆண்டு, 1948ல், ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் தொழிற்சாலை போட்டது. முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொடுத்த அந்தக் கம்பெனி, பிறகு இங்கிலாந்தின் லேலண்டுடன் கை கோர்த்து 1955ல் அசோக் லேலண்ட் ஆனது. இன்று இந்தியாவில் எந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் போய் நின்றாலும் எண்ணூரில் பிறந்த கம்பெனியின் பெயர் ஒரு வண்டியின் முகத்திலாவது இருக்கும்.

இப்படி ரயிலுக்கும் பேருந்துக்கும் தாய்வீடான ஓர் இடத்தில், வயதானவர்களும் மாற்றுத்திறனாளிகளும் எப்படிப் பயணம் செய்தார்கள்? அதற்கு அரசாங்கம் எப்போது, எவ்வளவு, எதற்காகப் பணம் கொடுத்தது? தலைவர்களின் பெயர்கள் நிறைந்த வரலாறாக இது இருக்காது. ஒரு படிக்கட்டின் உயரத்தைப் பற்றிய வரலாறுதான். ஆனால் அந்தப் படிக்கட்டு சின்ன விஷயமில்லை.

பழைய சென்னையில் முடியாதவர்களைச் சுமந்தது கை ரிக்‌ஷாதான். நோயாளி, கர்ப்பிணி, பார்வை மங்கிய கிழவர் எல்லோரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தவர் இன்னொரு ஏழை மனிதர். டிராம் இருந்தது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் 1895ல் ஓடத் தொடங்கியது சென்னையில்தான். 1953 ஏப்ரலில் அது நின்று போனது. மனிதனை மனிதன் இழுக்கும் ரிக்‌ஷாவை 1973ல் தமிழக அரசு ஒழித்தது. இழுத்தவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா கொடுக்கப்பட்டது. அது சரியான முடிவு, அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கும், தரையில் இருந்து ஓர் அடி வைத்தால் ஏறிவிடக் கூடிய வாகனம் அதோடு போய்விட்டது. அதன் இடத்தை நிரப்ப வேண்டிய பொறுப்பு அரசுப் பேருந்தின் தலையில் விழுந்தது.

பேருந்து அப்போது அரசின் கையில்தான் இருந்தது. சென்னை நகரப் பேருந்துகளை அரசு எடுத்து நடத்தத் தொடங்கியது 1947ல். 1972ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் உருவானது. 1994ல் அதைப் பிரித்து வடசென்னைக்கென்று டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம் என்று தனியாக ஒன்றை வைத்தார்கள். 2001ல் இரண்டும் மறுபடி ஒன்றாகி மாநகர் போக்குவரத்துக் கழகம் ஆனது. பெயர்கள் மாறினவே தவிர வண்டியின் அமைப்பு மாறவில்லை. ஏன் மாறவில்லை என்பதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் எண்ணூர் தொழிற்சாலைக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் நெடுங்காலம் பேருந்து என்றால் லாரியின் சேஸிஸ் மேல் கட்டிய கூடு என்றுதான் பொருள். கம்பெனி இன்ஜின், அச்சு, சக்கரம், நீளமான இரண்டு இரும்புச் சட்டங்கள் இவற்றை மட்டும் விற்கும். போக்குவரத்துக் கழகமோ வெளியில் உள்ள பாடி கட்டும் பட்டறையோ அதன் மேல் தகரமும் கண்ணாடியும் இருக்கையும் வைத்துக் கட்டும். லாரிக்குச் சட்டம் உயரமாக இருப்பதுதான் நல்லது. குண்டும் குழியுமான சாலையில் அடி தட்டாது, பாரமும் தாங்கும். அதே சட்டத்தின் மேல் பலகை போட்டால் பேருந்தின் தளம் தரையில் இருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்துக்குப் போய்விடும். ஒரு மீட்டரை ஏற மூன்று படி வேண்டும். முதல் படியே ஒரு சராசரி மனிதரின் முழங்காலை நெருங்கி நிற்கும். இளவட்டங்கள் ஓடுகிற வண்டியில் தாவி ஏறினார்கள். மூட்டு வலி உள்ள பாட்டி கம்பியைப் பிடித்து, பின்னால் இருப்பவர் ஒரு தள்ளு தள்ள, "சீக்கிரம் ஏறு பெரிம்மா" என்ற கண்டக்டரின் குரலோடு ஏறினார். சக்கர நாற்காலியில் இருப்பவர் ஏறவே இல்லை.

அவர் ஏறாததால் அவருக்குப் பேருந்து தேவையில்லை என்ற முடிவுக்கு எல்லோரும் வந்தது இன்னொரு வேடிக்கை. "சக்கர நாற்காலியில் யாரும் பஸ்ஸுக்கு வருவதில்லையே, எதற்கு வசதி?" என்ற கேள்வி உலகம் முழுவதும் கேட்கப்பட்ட கேள்விதான். அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் 1978 ஜூலையில் 19 மாற்றுத்திறனாளிகள் நடுச்சாலையில் இரண்டு பேருந்துகளை மறித்து, இரவு முழுக்க அங்கேயே கிடந்தார்கள். அந்தப் போராட்டமும் அது போன்ற பலவும் சேர்ந்துதான் 1990ல் அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. அதன் பிறகு அங்கே வாங்கப்படும் ஒவ்வொரு புதிய நகரப் பேருந்திலும் சக்கர நாற்காலி ஏற வழி இருந்தாக வேண்டும். லண்டனில் 2005 டிசம்பரில் பழைய ரூட்மாஸ்டர் வண்டிகளை வழக்கமான தடங்களில் இருந்து எடுத்தார்கள். பழமை விரும்பிகள் கண்ணீர் விட்டார்கள். ஆனால் நகரப் பேருந்துகள் தாழ்தளத்துக்கு வந்து சேர்ந்தன. எண்ணூர் கம்பெனிக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த லேலண்டின் சொந்த நாட்டில் மாற்றம் வந்துவிட்டது. எண்ணூரில் மட்டும் அது வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

தமிழ்நாட்டில் அரசு சும்மா இருந்தது என்று சொல்லிவிட முடியாது. பணம் செலவானது. ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் டிக்கெட்டுக்குப் போனது, படிக்கட்டுக்குப் போகவில்லை. இந்த வேறுபாட்டைக் கவனித்தால்தான் கதை புரியும். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பயிற்சி மையத்துக்கும் வேலைக்கும் போகும் மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசப் பஸ் பாஸ் பல ஆண்டுகளாக உண்டு. பாஸுக்கான தொகையை அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடு செய்யும். ஏட்டில் பார்த்தால் இது நல்ல திட்டம்தான், நல்ல திட்டமும்கூட. பார்வையற்றவர்கள், காது கேளாதவர்கள், ஊன்றுகோலோடு சமாளித்து ஏறக் கூடியவர்கள் எத்தனையோ பேர் இதனால் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள். ஆனால் ஏறவே முடியாதவருக்கு இலவச டிக்கெட் எதற்கு? பாஸ் பையில் இருக்கும், அவர் வீட்டில் இருப்பார்.

1995ல் நாடாளுமன்றம் ஊனமுற்றோர் சட்டத்தை இயற்றியது. 1996 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. (மாற்றுத்திறனாளி என்ற சொல்லே தமிழக அரசு ஏடுகளில் வந்தது 2010ல்தான், அன்றைய முதல்வர் கருணாநிதி கொண்டு வந்தது. அதுவரை அரசுத் துறையின் பெயரிலேயே ஊனம் என்ற சொல் இருந்தது.) அந்தச் சட்டத்தின் 44ஆம் பிரிவு ரயில் பெட்டி, பேருந்து, கப்பல், விமானம் எல்லாவற்றையும் மாற்றுத்திறனாளிகள் எளிதாகப் பயன்படுத்தும்படி மாற்றி அமைக்கச் சொன்னது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதோடு சேர்த்து, நிறுவனத்தின் பொருளாதார நிலைக்கு உட்பட்டு என்று ஒரு வால் வைத்துவிட்டார்கள். ஆண்டுதோறும் நஷ்டக் கணக்குக் காட்டும் போக்குவரத்துக் கழகத்திடம் உன் வசதிக்கு உட்பட்டுச் செய் என்றால் என்ன நடக்கும்? அதேதான் நடந்தது.

மத்திய அரசின் பணம் பெரிய அளவில் நகரப் பேருந்துக்கு வந்தது 2009ல். உலகப் பொருளாதார மந்தத்தைச் சமாளிக்க அறிவித்த சலுகைகளின் ஒரு பகுதியாக, ஜவாஹர்லால் நேரு நகரப் புதுப்பிப்புத் திட்டத்தின் கீழ் நாடு முழுவதும் 15,000க்கும் மேற்பட்ட பேருந்துகளுக்கு நிதி ஒதுக்கினார்கள். சென்னை போன்ற பெரிய நகரங்களுக்குச் செலவில் 35 சதவீதத்தை மத்திய அரசு ஏற்கும் என்பது அத்திட்டத்தின் கணக்கு. அதை ஒட்டித்தான் நகரப் பேருந்துக்கென்று ஒரு தர அளவே முதல் முறையாக வந்தது. தாழ்தளம் என்றால் 400 மில்லிமீட்டர், அரைத் தாழ்தளம் என்றால் 650, சாதாரணம் என்றால் 900. பேருந்து லாரியின் தம்பி இல்லை, தனிப் பிறவி என்று அரசு காகிதத்தில் ஒப்புக்கொண்ட தருணம் அது. சென்னைச் சாலைகளில் புது வண்டிகள் ஓடத்தான் செய்தன. ஆனால் மொத்த வண்டிகளில் சக்கர நாற்காலியோடு ஏறக் கூடியவை மிகச் சில. அவற்றிலும் குளிர்சாதன வண்டிகளின் கட்டணம், துறைமுகக் கூலித் தொழிலாளி குடும்பத்துக்கு எட்டாத கட்டணம்.

இதே காலத்தில் வடசென்னைச் சாலைகளுக்கு என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983ல் வந்தது. எண்ணூரில் புதிய துறைமுகம் 2001ல் திறக்கப்பட்டது. மணலியில் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, எண்ணூரில் அனல் மின் நிலையம் என்று எல்லாம் ஏற்கெனவே இருந்தன. திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் கன்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் வரிசை கட்டி நின்றன. அந்த லாரிகளுக்காகச் சாலையை அகலப்படுத்த எண்ணூர் - மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்றைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம், இரண்டு துறைமுகங்கள், மாநில அரசு எல்லோரும் சேர்ந்து பணம் போட்டு நடத்தினார்கள். பெட்டிகள் நகர வேண்டியது அவசியம்தான், ஊரின் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. ஆனால் பெட்டிக்குப் பணம் கூடி வந்த வேகத்தில் மனிதருக்கு வரவில்லை. சாலையைக் கடந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போவதே ஒரு முதியவருக்குப் பெரும்பாடாக இருந்தது. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் மணலியும் 2011 வரை சென்னை மாநகராட்சியில் சேராத தனி நகராட்சிகள். நடைபாதை என்பது அவற்றின் சிறிய பட்ஜெட்டில் கடைசி வரியாகத்தான் இருந்திருக்கும்.

ரயிலிலும் இதே கதைதான். நாட்டின் தென்பகுதிக்கே ரயிலைக் கொடுத்த வடசென்னை, மின்சார ரயிலுக்குக் காத்திருந்த காலத்தைப் பாருங்கள். கடற்கரை - தாம்பரம் பாதையில் 1931லேயே மின்சார ரயில் ஓடியது. கும்மிடிப்பூண்டி பக்கம் மின்சாரம் வந்தது 1970களின் இறுதியில்தான். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு இடைவெளி! புறநகர் ரயில்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று பெட்டியில் ஒரு பகுதியை ஒதுக்கி இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெட்டியை அடைய மேம்பாலப் படிகள் ஏறி இறங்க வேண்டும் என்றால் ஒதுக்கியதால் என்ன பயன்? பலர் தண்டவாளத்தைக் கடந்தே போனார்கள். முதியவர்களுக்கு ரயில்வே கொடுத்து வந்த கட்டணச் சலுகை (60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதம், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதம்) 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை.

மீண்டும் பேருந்துக்கு வரலாம். முதியவர்களுக்குத் தனியாக ஒரு திட்டம் 2016 பிப்ரவரியில் வந்தது. ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது, சென்னையில் வசிக்கும் 60 வயது நிறைந்தவர்களுக்கு மாதம் 10 டோக்கன் என்று அறிவித்தார்கள். குளிர்சாதன வண்டி தவிர மாநகரப் பேருந்துகளில் அந்த டோக்கனைக் கொடுத்து இலவசமாகப் போகலாம். பணிமனைகளுக்குப் போய் வயதுச் சான்றும் இருப்பிடச் சான்றும் காட்டி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாங்கிக் கொள்ள வேண்டும். அந்தக் காலை வேளைகளில் பணிமனை வாசலில் நீண்ட வரிசை நின்றதே இந்தத் திட்டம் எவ்வளவு தேவைப்பட்டது என்பதற்குச் சாட்சி.

மாதம் 10 டோக்கன் என்றால் ஐந்து முறை போய் வரலாம். சர்க்கரை நோய்க்கு மாதம் ஒரு முறை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகும் பெரியவருக்கு இது போதும், பேரப்பிள்ளையைப் பார்க்கவும் நாலு டோக்கன் மிஞ்சும். ஆனால் வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போக வேண்டியவருக்கு? முதல் இரண்டு வாரத்திலேயே டோக்கன் தீர்ந்துவிடும். சிறுநீரகச் செயலிழப்பு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளிலும் வராது. ஆக அவர் முதியவர் கணக்கில் பாதி, மாற்றுத்திறனாளி கணக்கில் பூஜ்யம். சலுகைகள் எல்லாமே ஏதோ ஓர் அலமாரியின் தனித்தனி இழுப்பறைகளில் கிடக்கின்றன. மனிதர்கள் அப்படி இழுப்பறை இழுப்பறையாக நோய்ப்படுவதில்லை.

2021 மே மாதம் மு.க.ஸ்டாலின் முதல்வராகப் பொறுப்பேற்ற அன்று போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். அதற்காக ஆண்டுக்கு ரூ.1,200 கோடியை அரசு ஈடு செய்யும் என்று அப்போது கணக்கிட்டார்கள். அடுத்த சில வாரங்களில் திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களுடன் வரும் ஒரு துணையாளருக்கும் அந்தச் சலுகை நீட்டிக்கப்பட்டது. துணையாளரையும் சேர்த்தது நுட்பமான முடிவு. ஏனென்றால் பல குடும்பங்களில் மாற்றுத்திறனாளிக்குப் பாஸ் இருந்தும், கூடப் போகும் அம்மாவுக்கோ அண்ணனுக்கோ டிக்கெட் எடுக்கப் பணமில்லாமல் மருத்துவத்தை விட்டவர்கள் உண்டு. இதனால் விளைந்த ஒரு சின்ன விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். திருவொற்றியூரில் இருந்து ஒரு வயதான தம்பதி ராயபுரத்துக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிக்கு எத்தனை முறை போனாலும் கட்டணமில்லை. தாத்தா மட்டும் மாதக் கடைசியில் டோக்கன் இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தடவ வேண்டும். ஆனால் மூன்று படி இருவருக்கும் பொது. அதில் சலுகை கிடையாது.

படிக்கட்டுக்கான சண்டை நீதிமன்றத்தில்தான் நடந்தது. 2016ஆம் ஆண்டின் புதிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் 41ஆம் பிரிவு போக்குவரத்து பற்றியது. பழைய சட்டத்தில் இருந்த வால் இதில் முழுதாகப் போய்விடவில்லை என்றாலும், உரிமை என்ற சொல் வலுவாக வந்தது. தமிழக அரசு மீண்டும் 900 மில்லிமீட்டர் உயர வண்டிகளையே பெரும்பாலும் வாங்க முனைந்தபோது, மாற்றுத்திறனாளி உரிமைச் செயல்பாட்டாளர் வைஷ்ணவி ஜெயக்குமார் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அரசுத் தரப்பு சொன்ன காரணங்கள் பழையவைதான். சென்னைச் சாலைகள் தாழ்தள வண்டிக்கு ஏற்றவை அல்ல, மழையில் தண்ணீர் தேங்கும், வேகத்தடைகள் உயரம், வண்டியின் விலையும் அதிகம்.

இந்தக் காரணங்களை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்தில் வியாசர்பாடி சுரங்கப்பாதையையும் கொருக்குப்பேட்டையையும் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் சற்று யோசித்தால், சாலை மோசமாக இருப்பதற்கும் அதே அரசுதானே பொறுப்பு? சாலையைப் போடாமல் விட்டதைக் காட்டிப் பேருந்தையும் மறுப்பது, சோறு வடிக்காததைக் காட்டிக் குழம்பும் இல்லை என்பது போலத்தான் இருக்கிறது. வழக்கின் போக்கு ஏற்ற இறக்கமாகவே இருந்தது. ஒரு கட்டத்தில் நீதிமன்றம் கடுமையாக நின்றது. பிறகு 2023ல், 1,107 பேருந்துகள் வாங்கும் திட்டத்தில் ஒரு பகுதி மட்டும் தாழ்தளமாக இருக்கும் என்ற ஏற்பாட்டுக்கு வந்து நின்றது. மனுதாரர் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனால் வழக்கு இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பகுதியும் கிடைத்திருக்காது என்பதே உண்மை.

பணம் எங்கிருந்து வந்தது? பெரும் பங்கு கடன். ஜெர்மனியின் வளர்ச்சி வங்கியான கே.எஃப்.டபிள்யூ., தமிழகப் பேருந்துகளுக்குக் கடன் கொடுக்க 2019லேயே ஒப்பந்தம் ஆகியிருந்தது. 2024ல் தமிழக அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்காக 552 தாழ்தளப் பேருந்துகளுக்கான ஆர்டர் அசோக் லேலண்டுக்குப் போனது. அவற்றில் முதல் 58 வண்டிகள் 2024 ஆகஸ்டில் சென்னைச் சாலைக்கு வந்தன. இன்ஜினைப் பின்னால் தள்ளி, தளத்தைக் கீழே இறக்கி, நிறுத்தத்தில் ஒரு பக்கமாகக் குனிந்து நிற்கும் வண்டி. மடக்குப் பலகையை நடத்துநர் விரித்தால் சக்கர நாற்காலி உருண்டு ஏறிவிடும். வட இந்தியாவின் டெல்லி போன்ற நகரங்களில் இது பழைய செய்தி. எண்ணூர் கம்பெனிக்குச் சொந்த ஊரில் ஓட்டிக் காட்ட இவ்வளவு காலம் பிடித்தது.

அதே ஆண்டு நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றத்தில் இருந்து இன்னொரு தீர்ப்பு வந்தது. பார்வைக் குறைபாடு உள்ள ராஜீவ் ரத்தூரி 2005ல் தொடுத்த வழக்கு அது. 2017 டிசம்பரில் ஒரு முறை விரிவான உத்தரவுகள் போட்டும் வேலை நடக்காததால் வழக்கு உயிரோடே இருந்தது. அணுகல் தொடர்பான அரசு விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருப்பது சட்டத்துக்கே முரண், கட்டாய விதிகள் வேண்டும் என்று நீதிமன்றம் 2024ல் சொன்னது. செய்தால் நல்லது என்பதற்கும் செய்தே ஆக வேண்டும் என்பதற்கும் இடையில் 19 ஆண்டுகள்.

இதற்கிடையில் வடசென்னைக்கு மெட்ரோ வந்தது. முதல் கட்ட மெட்ரோவின் முதல் பகுதி 2015ல் கோயம்பேடு - ஆலந்தூர் இடையே திறக்கப்பட்டது. வடக்கே வண்ணாரப்பேட்டையோடு திட்டம் நின்றிருந்தது. பிறகு நீட்டிப்புக்கு ஒப்புதல் கிடைத்து, வண்ணாரப்பேட்டை முதல் விம்கோ நகர் வரை 9 கிலோமீட்டர் பாதை 2021 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டது. செலவு ரூ.3,770 கோடி. ஒவ்வொரு நிலையத்திலும் லிஃப்ட், பார்வையற்றவர்களுக்குத் தடம் காட்டும் மேடுள்ள ஓடு, நடைமேடையும் பெட்டியும் ஒரே மட்டம். திருவொற்றியூர் தேரடியில் ஒருவர் சக்கர நாற்காலியோடு ஏறி, யார் கையும் படாமல் நகரத்துக்குள் போய் இறங்க முடியும் என்பது 1856ல் இருந்து பார்த்தால் உண்மையிலேயே பெரிய மாற்றம். ஆனால் தேரடி நிலையத்துக்கு வீட்டில் இருந்து வருவதற்கு? ஷேர் ஆட்டோதான். அதில் மடக்கிய நாற்காலிக்கு இடம் கொடுக்க ஓட்டுநருக்கு மனசு வர வேண்டும், இரண்டு பயணிகளின் கூலி போகும். விம்கோ நகருக்கு வடக்கே கத்திவாக்கமும் எண்ணூரும் அத்திப்பட்டும் மெட்ரோவுக்கு வெளியே. தொழிற்சாலைகளில் கை கால் இழந்தவர்களும், சாம்பலிலும் புகையிலும் மூச்சு இளைத்த வயதானவர்களும் வாழும் பகுதி அது. அவர்களுக்குப் பேருந்தும் மின்சார ரயிலும்தான் கதி.

அரசு வேறொரு வழியிலும் பணம் செலவழித்தது. கால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரை இலவசமாகக் கொடுக்கிறார்கள். வாங்கியவர்களின் வாழ்க்கையை அது மாற்றியது என்பதில் சந்தேகமில்லை. பெட்டிக்கடைக்குச் சரக்கு எடுக்கவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும், வேலைக்குப் போகவும் அது உதவுகிறது. ஆனாலும் ஒரு கேள்வி உறுத்துகிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறக்குறைய 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். இவர்களில் ஸ்கூட்டர் ஓட்டக் கூடியவர்கள் எத்தனை பேர்? பார்வையற்றவரும், இரண்டு கையும் பாதித்தவரும், எண்பது வயது மூதாட்டியும் ஸ்கூட்டர் ஓட்ட முடியாது. பொது வாகனத்தைச் சரி செய்யாமல் தனி வாகனம் கொடுப்பது, தெருக் குழாயைப் பழுது பார்க்காமல் வீட்டுக்கு ஒரு குடம் கொடுப்பது மாதிரி. குடம் வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. குழாய்க்கும் பணம் வேண்டும் என்பதுதான் விஷயம்.

அந்தக் குழாய்ப் பணி கடைசியில் வடசென்னையில் இருந்துதான் தொடங்கியது. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையில் இருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகளை முதல்வர் தொடங்கி வைத்தார். உலக வங்கி உதவியுடன் நடக்கும் சென்னை மாநகரக் கூட்டாண்மைத் திட்டத்தின் கீழ் வந்தவை இவை. வண்டிகளை வாங்கி ஓட்டுவது அசோக் லேலண்டின் துணை நிறுவனம். ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று போக்குவரத்துக் கழகம் அதற்குப் பணம் கொடுக்கும், நடத்துநர் மட்டும் கழகத்தின் ஆள். தென்சென்னையின் பெரும்பாக்கத்துக்கு அடுத்த தொகுதி போனது ஆகஸ்டில்தான். மின்சார ரயிலுக்கு அரை நூற்றாண்டும் மெட்ரோவுக்கு ஆறு ஆண்டும் தெற்கைப் பார்த்துக் காத்திருந்த வடக்கு, இந்த முறை ஆறு வாரம் முந்திக் கொண்டது!

வண்டி தாழ்ந்துவிட்டது. இனி நிறுத்தம் உயர வேண்டும். தாழ்தளப் பேருந்து சரியாக வேலை செய்ய, ஓட்டுநர் நடைபாதை விளிம்பை ஒட்டி நிறுத்த வேண்டும். அங்கே நடைபாதை இருக்க வேண்டும். அதன் மேல் பைக்கும் தள்ளுவண்டியும் மின்மாற்றிப் பெட்டியும் இருக்கக் கூடாது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நிறுத்தத்தின் முன்னே ஷேர் ஆட்டோக்கள் வரிசையாக நிற்க, பேருந்து நடுச்சாலையில் நிற்கிறது. நடுச்சாலையில் விரித்த பலகை தரையைச் செங்குத்தாகத் தொடும், அதில் நாற்காலியை ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். நடைபாதைக்குப் பணம் போட வேண்டியது மாநகராட்சி, சாலைக்கு நெடுஞ்சாலைத் துறை, வண்டிக்குப் போக்குவரத்துத் துறை, பாஸுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. நான்கு துறைகளின் பணமும் ஒரே நிறுத்தத்தில், ஒரே மனிதருக்காக வந்து சேர வேண்டும். 2025ன் மழைக்காலம் வரை புதிய மின்சார வண்டிகள் வியாசர்பாடியில் இருந்து கிளம்பி ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவற்றின் மடக்குப் பலகை ஒரு நாளைக்கு எத்தனை முறை விரிகிறது என்பதை யாராவது எண்ணத் தொடங்கினால், அடுத்த பட்ஜெட்டில் நடைபாதைக்கு எவ்வளவு கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.